நாற்பது நாள் சாறும் சக்கையும்

கேரட் சாறு பிழிய நைந்துபோன மல் துணிதான் நல்லது. தடித்த துணி பாதிச் சாற்றைச் சக்கையிலேயே விட்டுவிடும். சின்ன விஷயம்தான். ஆனாலும் இதிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும், காமிலா ராத்தா.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தைத் தேடி வந்தீர்கள். எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த மாதம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உம்மாவின் தங்கத் தோட்டைத் தாளில் சுற்றி என் கையில் வைத்தீர்கள். "எங்கட உம்மாவக் கடைசி மட்டும் பாத்தவள் நீதான். மகள் நான் கிட்ட இல்லாமப் போனேன்" என்றீர்கள். அந்த நாற்பது நாளும் உம்மா என்ன பாடுபட்டார்கள் என்று கேட்டீர்கள். அந்த வைத்தியரை மட்டும் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன் என்றும் சொன்னீர்கள்.

எனக்கு நேரில் பேச வராது. அது உங்களுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு நின்றேன். நீங்கள் போன பிறகு இந்தக் கொப்பியை எடுத்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

நான் உங்கள் வீட்டுக்கு வரும்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அப்போது நாங்கள் வேறு தோட்டத்தில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பனிஸ் ரொட்டி கொடுப்பார்கள். அம்மா என் தங்கச்சி பேச்சியைப் பெற்றுப் படுத்திருந்த நேரம். வீட்டில் ஒன்றும் இல்லை. நான் இரண்டாவது தடவை வரிசையில் நின்று கையை நீட்டினேன். மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கி, "இந்தக் கையப் பாருங்க. ஒண்ணு வாங்குனது பத்தாதாம்" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் திங்கட்கிழமை போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கணக்கில் நான் முதலாவது. எழுத்தும் அழகாக இருக்கும். அதனால்தான் உங்கள் வாப்பா ஜுனைதீன் முதலாளி, வீட்டுச் செலவை எழுதும் வேலையை என்னிடம் விட்டார். முதல் நாள் நான் உம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டேன். "உனக்கு அம்மா ஈக்கிறா தானே. என்ன உம்மா எண்டு கூப்புடு" என்றார்கள். அன்றிலிருந்து அப்படித்தான்.

எழுபத்திநாலாம் வருஷம் மாசி மாதம் நீங்கள் கண்டியில் மாமியார் வீட்டில் இருந்தீர்கள். பிள்ளை தங்குவது கடினம், படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே உம்மாவுக்கு முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. உடம்பும் பாரம். கதிரையில் இருந்துதான் தொழுவார்கள். நெற்றியை நிலத்தில் வைத்து மூன்று வருஷமாகிவிட்டது என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்கள். காலில் வலி என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் மாத்தளைப் பக்கத்து இயற்கை வைத்தியர் வீரசிங்கம் ஒரு வேலையாகப் பண்டாரவளைக்கு வந்திருந்தார். முதலாளி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். மெலிந்த, மெதுவாகப் பேசும் மனிதர். உம்மாவின் நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பதினான்கு நாள் வெறும் சாறு குடிக்க வேண்டும் என்றார். மரக்கறி மாட்டெரு மட்டும் போட்டு வளர்த்ததாக இருக்க வேண்டும். உரமோ மருந்தோ பட்டது கூடாது. மீதியைக் கடிதத்தில் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காசில் பாதியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர், ராத்தா. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் முதலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இருவது வருஷமா ஊருக்கெல்லாம் மரக்கறி விக்கிறேன். என்ட பொஞ்சாதிக்கு என்ட மரக்கறி நஞ்சாம்" என்றார்.

"நஞ்செண்டு நான் செல்லல்ல. வைத்தியர் செல்றார்" என்றார்கள் உம்மா. "வெலிமடையில மருந்தடிக்கிற கெழங்க நீங்களே திண்ண மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் அதற்கும் சிரித்துவிட்டு, பதினாலு நாளைக்கு என்ன செலவு வரும், எழுதிக் காட்டு என்றார். நான் எழுதினேன். வெலிமடையில் மாட்டெரு மட்டும் போடும் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். கேரட்டுக்கு ராத்தலுக்கு எழுபத்தைந்து சதம் கேட்டார். நாளுக்கு இரண்டு ராத்தல். பீட்ரூட் ஒரு ராத்தல் அறுபது சதம். வெள்ளைப் பூசணிக்காய்த் துண்டு நாற்பது, வல்லாரை முப்பது, எலுமிச்சையும் தோடம்பழமும் சேர்த்து ஐம்பது. நாளைக்கு மூன்று ரூபாய் முப்பது சதம். பதினான்கு நாளைக்கு நாற்பத்தாறு ரூபாய் இருபது சதம். முதலாளி தாளைப் பார்த்து, ஒரு இடமும் பிழையில்லை என்றார். அவர் படித்தது எண்கள் மட்டும்தான். எழுத்து அவருக்கு வராது. உம்மாவுக்கு அரபு எழுத்துத் தெரியும். அரபுத் தமிழ்க் கிதாபுகளை ராகம் போட்டு வாசிப்பார்கள். தமிழ் எழுத்துத் தெரியாது. நீங்கள் கண்டிக்குப் போன பிறகு அந்த வீட்டில் தமிழ்க் கடிதம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் அம்மா இராக்கம்மாவுக்கு அப்போது ஒரு நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் கிடைத்த கூலி அந்த மூன்று ரூபாய் முப்பது சதத்துக்கும் குறைவு. அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே கொப்பியில் இரண்டையும் எழுதியதால் கண்ணில் பட்டது.

உம்மா சாறு குடிக்கத் தொடங்கிய நாளே குசினிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். வாசனை தாங்கவில்லை. களஞ்சிய அறைச் சாவியை என்னிடம் தந்தார்கள். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவே தடை இருந்த வருஷம் அது. அந்த அறையில் இரண்டு மூட்டை அரிசியும் மூன்று மூட்டை கோதுமை மாவும் இருந்தன. சாவியை இடுப்பில் முடிந்திருந்தேன். நாற்பது நாளில் அந்த அறையிலிருந்து ஒரு பிடி மாவு எடுத்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். திருடும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

மூன்று ராத்தல் மரக்கறியைத் துருவிப் பிழிந்தால் ஒன்றரை ராத்தலுக்குக் குறையாமல் சக்கை வரும். முதல் நாள் அதை என்ன செய்வது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மாவின் ஆட்டுக்குப் போடு என்றார்கள். ஆறு நாள் ஆட்டுக்குத்தான் போட்டேன்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் போய்வர விடுவார்கள். அன்றைய சக்கையை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பிராவுக்கு முன்னால் பேச்சி உட்கார்ந்திருந்தாள். நாலு வயது. என்னைக் கண்டால் ஓடி வருகிறவள், அன்று எழும்பவில்லை. தலைமயிர் செம்பட்டையாகியிருந்தது. கால் மேலே விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அம்மா மரவள்ளி இலையை அவித்துக்கொண்டிருந்தாள். மேல் லயத்தில் அந்த வாரம் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று அப்பா சொன்னார். என்ன நோய் என்று நான் கேட்கவில்லை.

அம்மா சக்கையை ஒரு கை மாவில் பிசைந்து ரொட்டி தட்டினாள். பேச்சி மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.

"இனிக்குதுடி. எங்க வாங்குன?" என்று அம்மா கேட்டாள்.

"வாங்கலம்மா. முதலாளி வீட்ல வேணாம்னு போட்டது."

"வேணாம்னு போட்டதா." அம்மா அதைத் திருப்பிச் சொன்னாள். "தெனமும் போடுவாங்களா?"

"பதினாலு நாளைக்கு. இன்னும் ஏழு நாள் இருக்கு."

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்து, "அதுக்கப்புறம்?" என்றாள்.

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து சக்கையை ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து நாலு மணி பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். அம்மா தேயிலைப் பக்டரித் திருப்பத்தில் நின்று வாங்கிக்கொள்வாள். கண்டக்டர் றவூப் வாய்த்துடுக்கு. முதல் நாளே மூடியைத் திறந்து பார்த்தான்.

"என்ன புள்ள இது? ஆட்டுக்கா மாட்டுக்கா?"

"ஆட்டுக்கு" என்றேன்.

"டிக்கட் இல்லாம தெனமும் கேரட் திங்கப் போகுது. அடுத்த பொறப்புல நானும் ஒங்க வீட்டு ஆடாப் பொறக்கணும்" என்றான். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அதே திங்கட்கிழமை உம்மா என்னைக் கேட்டார்கள். "வீட்டுல எல்லாரும் சொகமா? தோட்டத்துல சாப்பாட்டுக்குக் கஷ்டம் எண்டு செல்றாங்க. மாவு ஈக்கிதா? இல்லாட்டி செல்லு புள்ள, வெக்கப்படாத."

"இருக்குங்க உம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். கேட்டு வாங்குவது எனக்கு வராது. நெஞ்சுக்குள் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்குவது போல் இருக்கும். சக்கை அப்படியில்லை. அது வேண்டாம் என்று போட்டது. அதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பதினோராம் நாள் வைத்தியரின் கடிதம் வந்தது. உம்மா முன் விறாந்தையில் சாய்கதிரையில் இருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று பிரித்தேன். பதினான்காம் நாளோடு சாற்றை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார். முதல் நாள் இரண்டு கரண்டி கஞ்சித்தண்ணீர், மறுநாள் நாலு கரண்டி, அப்படியே மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஆபத்து. கெட்டிக்கார மகள் ஒருத்தி வீட்டில் இருப்பதைப் பார்த்தேன், அவள் கவனமாகச் செய்வாள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்.

நான் அதையெல்லாம் மனதுக்குள் வாசித்து முடித்தேன். உம்மா காத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாக்கு சுத்தமாகும் வரை போக வேண்டும், நாற்பது நாள் முடித்தால் முழங்காலில் இருக்கிற பழைய கழிவெல்லாம் இறங்கிவிடும் என்று எழுதியிருக்கிறார்" என்றேன்.

நான் யோசித்து வைத்துச் சொல்லவில்லை, ராத்தா. ஆனால் இருபது என்றோ முப்பது என்றோ ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷம் உங்கள் வீட்டில் இருந்தவள் நான். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது. மையித்து விழுந்த வீட்டில் இறந்தவருக்காகக் கத்தம் ஓதுவது நாற்பது. முப்பது என்றால் ஏன் முப்பது என்று உம்மா கேட்டிருப்பார்கள்.

"நாப்பதா" என்றார்கள் உம்மா. "நாப்பது எண்டா கணக்குச் சரிதான். நோம்பு புடிச்ச உடம்புக்கு இது பெரிசா?"

வாரம் முழுக்க வெலிமடையில் மரக்கறி வாங்கும் முதலாளி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எண் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். வைத்தியர் எல்லாவற்றையும் எழுத்தில் எழுதியிருந்தார். மேலே திகதி மட்டும்தான் எண்ணில். "நீ வாசிச்சா சரி" என்று திருப்பித் தந்துவிட்டார். மீதி இருபத்தாறு நாளுக்கு ஒரு கணக்கு எழுதச் சொன்னார்.

அதையும் எழுதினேன். இந்தத் தடவை கேரட் மூன்று ராத்தல், பீட்ரூட் இரண்டு. வைத்தியர் கூட்டச் சொன்னார் என்றேன். நாளைக்கு நாலு ரூபாய் அறுபத்தைந்து. இருபத்தாறு நாளுக்கு நூற்றிருபது ரூபாய் தொண்ணூறு சதம். முதலாளி நூற்றிருபத்தைந்து தந்தார்.

பதினைந்தாம் நாள் துணியை மாற்றினேன். மல் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மாவு மூட்டைச் சாக்குத் துணியை வெட்டி எடுத்தேன். வெறும் சாக்கு அது, மாவு இல்லை. அந்தத் துணியில் பிழிந்தால் சாறு பாதிதான் இறங்கும். நானும் முன்போல் முறுக்கிப் பிழியவில்லை. கிளாஸ் குறையாமல் இருக்கக் கொதித்தாறிய தண்ணீர் சேர்த்தேன். நிறத்துக்குப் பீட்ரூட் இருந்தது. சக்கை ஈரமும் கனமுமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி எழும்பி வாசல்வரை வந்தாள். கால் குழி ஆழம் குறைந்திருந்தது. அம்மா பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு ரொட்டி கொடுத்ததாகச் சொன்னாள்.

உம்மா கஷ்டப்பட்டார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நாள் அஸர் தொழுகை நேரம் என்னைக் கூப்பிட்டார்கள். கதிரையைத் தள்ளி வைத்திருந்தார்கள். பாயில் நின்றார்கள். குனிந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல முழங்காலை மடித்து, கைகளை ஊன்றி, நெற்றியைப் பாயில் வைத்தார்கள். நான் கதவு நிலையில் நின்றேன். எழும்ப வெகுநேரமாகிவிட்டது. எழும்ப முடியவில்லையோ என்று பக்கத்தில் போனேன். அழுதுகொண்டிருந்தார்கள். தொழுது முடித்து என் தலையில் கை வைத்து, "உனக்கும் உங்கட வீட்டாளுகளுக்கும் ஒரு குறையும் வராது புள்ள. நான் கேட்டுட்டேன்" என்றார்கள். "ஏதும் வேணுமா? உங்கட அம்மாவுக்கு ஒரு சாரி? மாவு, அரிசி?"

"ஒண்ணும் வேணாங்க உம்மா."

அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. உம்மாவுக்கு வேண்டியது கிடைத்தது, பேச்சிக்கு வேண்டியது கிடைத்தது. யாருக்கும் நட்டமில்லை. நான் அப்படித்தான் நினைத்தேன். நம்புங்கள்.

இருபத்துநாலாம் நாளிலிருந்து உம்மாவின் பாதம் வீங்கியது. நான் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. எனக்கு அந்தக் குழி தெரிந்த குழிதான்.

மறுநாள் வைத்தியரின் இரண்டாவது கடிதம் வந்தது. பதில் இல்லாததால் கவலையாக இருக்கிறது, சாற்றை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். நிறுத்தாமல் இருந்து, பாதம் வீங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தார். உம்மா பாதத்தைக் காட்டி, இதைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறாரா என்று கேட்டார்கள். எழுதியிருக்கிறார் உம்மா, கழிவு காலுக்கு இறங்கினால் வீங்கும், பயப்பட வேண்டாம் என்று வாசித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கார் கொண்டு வந்தார். உம்மாதான் மறுத்தார்கள். "இன்னும் பதினாலு நாள். நெத்திய நெலத்துல வெச்சு சுஜூது செய்ய வந்துட்டு. இனிப் பாதியில விட்டா முழங்கால் பழையபடி ஆகும்" என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் எப்போதும் தரையைத்தான் பார்ப்பேன். அதனால் அவருக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. கார் திரும்பிப் போனது.

மூன்றாவது கடிதம் முப்பத்தாறாம் நாள் வந்தது. அதை நான் பிரிக்கவில்லை. உம்மா அன்று கேட்கவும் இல்லை. பாதி நேரம் கண்ணை மூடியிருந்தார்கள். மற்ற இரண்டையும் போல் இதையும் நான் மாற்றி வாசித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பிரிக்காமலே இத்துடன் வைத்திருக்கிறேன்.

முப்பத்தேழாம் நாள் காலையில் தொழ எழும்ப முடியவில்லை. படுத்தபடியே கண்ணால் தொழுதார்கள். மத்தியானம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்கள். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"லெச்சுமி. ஒரு வாய் கஞ்சித்தண்ணி தாறியா?"

"இன்னும் மூணு நாள்தாங்க உம்மா."

சரி என்று தலையை அசைத்தார்கள். பிறகு, "நான் மூணு நாள்ல சாப்பிடுவேன். உங்கட தங்கச்சி இண்டைக்குச் சாப்பிட்டாளா?" என்று கேட்டார்கள்.

"சாப்பிட்டாங்க உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

நான் சொன்னது உண்மை. அன்று பேச்சி சாப்பிட்டாள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று உம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் மாவு கொடுத்திருப்பார்கள்.

இனி முப்பத்தொன்பதாம் நாள். அன்று வியாழக்கிழமை. முதலாளி வெலிமடையில். காலையில் ஒரு கிளாஸ் தண்ணீரும் பீட்ரூட்டும் கொடுத்தேன். இரண்டு மிடறு இறங்கியது. மத்தியானச் சாற்றை மூன்று மணிக்குப் பிழிந்தேன். டின்னை நிரப்பி மூடி, துணியால் கட்டினேன். அப்போது அறையில் மூச்சு வேறு மாதிரிக் கேட்டது. போய்ப் பார்த்தேன். உம்மாவின் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தார்கள். மூச்சு இழுத்து, நின்று, திரும்ப இழுத்தது. வாய் அசைந்தது. கலிமாச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட்டதாகவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டில் ரஹ்மத்தும்மா இருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கடைத்தெருவில் டிஸ்பென்சரி இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து நிமிஷம் குறைய நாலு. பஸ் நாலு மணிக்கு. பஸ் நிலையம் எட்டு நிமிஷ நடை.

நான் டின்னை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

றவூப் அன்றும் ஏதோ சொன்னான். ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டான் போலிருக்கிறது. பஸ் வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வரும்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். வீட்டுக்குள் மூச்சுச் சத்தம் இல்லை. கண்ணை மூடிவிட்டு ரஹ்மத்தும்மாவைக் கூப்பிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளியிடம் கணக்கைக் காட்டினேன். நூற்றிருபத்தைந்தில் மிச்சம் எட்டு ரூபாய் எழுபத்தைந்து சதம். நாற்பதாம் நாளுக்கு மரக்கறி வாங்காத காசும் அதில் சேர்ந்திருந்தது. களஞ்சியச் சாவியையும் வைத்தேன். அவர் காசை எண்ணவில்லை. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு புள்ளயா" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். ஏழாம் நாள் கத்தத்தன்று எங்கள் வீட்டுக்கென்று ஒரு மூட்டை மாவு எடுத்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. அப்பா வந்து தூக்கிக்கொண்டு போனார். அந்த மாவில்தான் பேச்சி அந்த மழைக்காலத்தைத் தாண்டினாள். நீங்கள் போன செவ்வாய்க்கிழமை அவளைப் பார்த்தீர்கள். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாளே, அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நல்ல பல் அவளுக்கு என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள்.

முதலாளி ஆள் விட்டு மாத்தளையில் வைத்தியரின் பலகையைக் கழற்றி உடைத்தது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் வைத்தியம் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் நாற்பது என்று எழுதவில்லை. பதினான்கு என்றுதான் எழுதினார். கடிதங்கள் இருக்கின்றன. நீங்களே வாசிக்கலாம். உம்மாவைப் பட்டினி போட்டுக் கொன்றது நான். அவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை அவருக்கு எழுத வேண்டுமென்றால் நீங்கள் எழுதுங்கள். எனக்கு அவர் விலாசம் தெரியும், கடிதத்தின் பின்னால் இருக்கிறது. ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது.

பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று முதலில் எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உம்மா என்னிடம் மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல் எவ்வளவு கஷ்டமானது என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது. நீங்கள் கேட்டு வாங்கிப் பழகியவர்கள்.

தோட்டை அதே தாளில் சுற்றி இந்தக் கொப்பியோடு அனுப்புகிறேன். நீங்கள் கையில் வைத்தபோது விரலை மடக்காமல்தான் நின்றேன். பார்த்திருப்பீர்கள். நான் இன்றுவரை யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை, ராத்தா.